உறக்கம் சலுகையல்ல, உரிமை!

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்த தொழிலாளர்கள், கம்பெனி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி வருகிறார்கள். அதே வேளையில் மீனம்பாக்கத்தில் இறங்க ஒரு விமானம் வானத்தில் தாழ்ந்து வருகிறது. அதை ஓட்டுகிறவரும் இரவெல்லாம் கண் விழித்தவர்தான். பஸ்ஸில் தூங்குகிறவர் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவார். விமானி கண் அயர்ந்தால் என்ன ஆகும்?

"விமானி பெரிய சம்பளக்காரர். அவர் கவலை நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். மங்களூரில் நடந்ததைக் கேளுங்கள்.

2010 மே 22 அதிகாலை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கியபோது, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்தவர்கள் 166 பேர். மாண்டவர்கள் 158 பேர். வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போய் ஊர் திரும்பிய உழைப்பாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் இருந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்தது என்ன? விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது கடைசி 2 மணி 5 நிமிடப் பதிவு. அதில் முதல் 1 மணி 40 நிமிடம் தலைமை விமானியின் பேச்சே இல்லை. குறட்டைச் சத்தம்தான் கேட்டது. ஆழ்ந்து உறங்கியவர் திடீரென விழித்தால் புத்தி தெளியச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தத் தூக்கக் கலக்கத்திலேயே அவர் விமானத்தை இறக்கினார். விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தது. பக்கத்திலிருந்த உதவி விமானி ஆபத்தைக் கண்டார். "இறங்க வேண்டாம், மறுபடி மேலேறிச் சுற்றி வருவோம்" என்ற பொருளில் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அந்தச் சொல் எடுபடவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 7-ல், கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் அதே கம்பெனியின் மற்றொரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 21 பேர் மாண்டார்கள். அங்கும் உதவி விமானி எச்சரித்தார். அங்கும் அது ஏற்கப்படவில்லை. தலைமை விமானி மறுநாள் காலையில் இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது. அந்த ஊர்க் கணக்கில் உதவி விமானிகள் 26 பேர்; தலைமை விமானியோ ஒரே ஒருவர்! ஆள் போடாத நிர்வாகத்தின் அவசரமும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது என்றுதான் நாம் சொல்வோம்.

வெளிநாட்டிலும் இதே கதை. 1977 மார்ச் 27-ல் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீப் தீவில், ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். "முன்னால் இருக்கிற விமானம் விலகிவிட்டதா?" என்று ஒரு விமானப் பொறியாளர் கேட்டார். மூத்த தலைமை விமானி விலகிவிட்டதாகச் சொல்லி விமானத்தை ஓட்டினார். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் துணிந்து பேசவும் மூத்தவர் காது கொடுக்கவும் விமானிகளுக்குப் பயிற்சி தரும் முறை உலகெங்கும் பரவியது.

தோழர்களே, இது நமக்குத் தெரியாத கதையா? "மேஸ்திரி, மிஷின் சத்தம் சரியில்லை, நிறுத்துங்க" என்று ஹெல்ப்பர் சொன்னால், "உன் வேலையைப் பாரு" என்றுதானே பதில் வருகிறது? ராத்திரியில் கதிரடிக்கும் மிஷினில் கை போன பிறகு, "அவன் தூங்கிவிட்டான்" என்று பழியை அவன் மேலேயே போடுகிறார்கள். தூங்க விடாதவன் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை!

விமானிகள் கேட்டார்கள். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புது விதி வகுத்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவுப் பணியில் விமானத்தை இறக்கும் தடவை 6-லிருந்து 2-ஆகக் குறைந்தது. கம்பெனிகள் முனகின, விதி தள்ளிப் போயிற்று. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஐகோர்ட்டுக்குப் போயின. அதன் பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக விதி அமலுக்கு வந்தது.

அடுத்து நடந்தது என்ன? ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும், நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோ போதிய ஆளைத் தயார் செய்யவில்லை. 2025 டிசம்பர் 5-ல் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. ஜனங்கள் விமான நிலையங்களில் தவித்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்தக் கம்பெனிக்கு விலக்கு அளித்தது! அபராதம் பிற்பாடுதான் வந்தது. கம்பெனி ஆள் போடாத குற்றத்துக்கு விமானியின் உறக்கத்தைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்?

நம் மாநிலத்திலும் 2023 ஏப்ரல் 21-ல் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது. 2024 ஜூனில் தென்னக ரயில்வேயின் எஞ்சின் டிரைவர்கள் 46 மணி நேர வார ஓய்வு கேட்டுப் போராடினார்கள். மண்ணில், தண்டவாளத்தில், வானத்தில், கேள்வி ஒன்றுதான்: உழைப்பவனின் உறக்கம் யாருக்குச் சொந்தம்?

நாம் கோருவது இதுதான். ஓய்வு விதிகளில் எந்த முதலாளிக்கும் விலக்குக் கூடாது. ஆள் பற்றாக்குறையை ஆளைப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். "களைத்துவிட்டேன், ஓட்ட முடியாது" என்று சொல்கிறவனுக்கும், "ஆபத்து, நிறுத்து" என்று சொல்கிற இளையவனுக்கும் தண்டனை கூடாது. சட்டப் பாதுகாப்பு வேண்டும். ஆலைக்கும் வயலுக்கும் இதே நீதி வேண்டும்.

மங்களூரில் அந்த உதவி விமானி மூன்று முறை சொன்னார். அவர் குரல் தனிக் குரல், எடுபடவில்லை. ஆயிரம் குரல் சேர்ந்து சொன்னால் எடுபடும். உங்கள் யூனியன் கூட்டத்தில் இதைப் பேசுங்கள், தோழர்களே!