கடல் கடந்த சான்று

தன் அறிவாற் கண்ட புதுமுறையைப் பிறர் கவர்ந்தனர் என ஒருவன் வழக்கிடுங்கால், அதனை மெய்ப்பிக்கும் ஏடுகள் அயல்நாட்டில் இருப்பின் என் செய்வான்? தன் நாட்டு மன்றத்தின் ஆணை ஆண்டுச் செல்லாது. இக்குறை நீக்கவே 1970இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. ஒரு நாட்டு மன்றம் வேண்டுகோள் மடல் விடுப்பின், மறுநாட்டு மன்றம் சான்று திரட்டி உதவும். இந்தியா 2007இல் இதிற் சேர்ந்தது. எனினும், 23ஆம் விதியைத் துணைக்கொண்டு, விசாரணைக்கு முன் ஆவணந் தேடும் மடல்களைப் பொதுப்பட விலக்கியது.

கண்டபடி வலைவீசுவோரைத் தடுத்தல் தக்கதே. ஆயின், இன்ன ஏடு எனச் சுட்டிக் கேட்போர்க்கும் கதவடைத்தல் முறையோ? பிரித்தானியர் அவ்வாறு சுட்டிய ஆவணங்களை விலக்கினாரல்லர். நம் நாடும் அந்நெறி நிற்றல் வேண்டுமென்பது எம் கருத்து. இன்று நாம் மறுப்பின், நாளை நம்மவர் கேட்குங்கால் பிறரை நோவது எங்ஙனம்? சான்று பெறவியலாத உரிமை வெறும் பெயரளவே அன்றோ!