நீராடலும் நீரின் தரமும்

2025 மகா கும்பமேளாவின்போது பிரயாக்ராஜில் கங்கை, யமுனை நீரைச் சோதித்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பல இடங்களில் அது குளிக்கத் தகுதியற்று இருந்ததாகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை அளித்தது. 100 மில்லி லிட்டர் நீரில் மலக் கோலிஃபார்ம் கிருமிகளுக்கான உச்ச வரம்பு 2,500. பல நாட்களில் அளவு அதையும் தாண்டியிருந்தது. பின்னர், புள்ளியியல் ஆய்வின்படி நீர் குளிக்க ஏற்றதே என்றது வாரியம். ஆனால், பக்தர் மூழ்குவது அன்றைய நீரில்தானே தவிர, சராசரிக் கணக்கில் அல்ல.

பழியைப் பக்தர்கள்மீது மட்டும் சுமத்துவது நியாயமல்ல. கூட்டம் அடிவண்டலைக் கலக்குகிறது. உடலிலிருந்தும் கிருமிகள் சேர்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடும் நகரங்களின் பங்கோ ஆண்டு முழுவதும் தொடர்கிறது.

தாமிரபரணியில் வேறொரு கேடு. பாபநாசத்தில் பரிகாரமாக விடப்படும் வேட்டி, சேலைகள் பாறை இடுக்குகளில் சிக்கி மட்குகின்றன. நைலான் இழை மட்குவதுமில்லை.

பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி நீரை நம்பி வளர்ந்த, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். எனவே அங்கு, திருவிழா நாட்களில் நீர்ப் பரிசோதனை முடிவுகளைப் படித்துறையிலேயே அன்றன்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவைக்க வேண்டும்.