கணக்குக் கேட்காத சங்கம்!

கடைக்குச் சரக்கு வர வேண்டும். சரக்கு வர லாரி வர வேண்டும். லாரி வர வேண்டுமானால் அதை ஓட்டுகிறவன் மனது வைக்க வேண்டும். வியாபாரம் செய்கிற எவருக்கும் இது தெரியும். ஓட்டுகிற கைகளெல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய பலம் வேறென்ன?

அமெரிக்காவில் அப்படி ஒன்று சேர்ந்தவர்கள்தான் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தினர். இந்தச் சங்கத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் உண்டு. "அது ரவுடிகளின் கூடாரம், தொழிற்சங்கம் என்றாலே இப்படித்தான்" என்பது முதலாளிகளின் பேச்சு. "தலைவர் தின்றார், நமக்கும் தந்தார்; அவர் தின்றால் என்ன?" என்பது உறுப்பினர்கள் பலர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட சமாதானம். இரண்டுமே பொய்! முதல் பொய் சங்கத்தின் எதிரிகளிடமிருந்து வந்தது. சங்கத்தை அழித்தது இரண்டாவது பொய்.

ரத்தம் சிந்திக் கட்டிய சங்கம்

'டீம்ஸ்டர்' என்றால் குதிரை வண்டியோட்டி. ஒரு நாளைக்கு 12 மணி முதல் 18 மணி நேரம் வரை வேலை. வாரத்தில் 7 நாளும் ஓய்வில்லை. கூலியோ சராசரி 2 டாலர்தான். வழியில் சரக்கு தொலைந்தாலும் உடைந்தாலும் நஷ்டம் வண்டியோட்டியின் தலையில். சரக்கை வாங்கியவன் பணம் தராவிட்டால் அதுவும் அவன் தலையில்! இந்த அநியாயத்தை எதிர்த்து 1903-ல் நயாகரா ஃபால்ஸ் நகரில் இரண்டு சங்கங்கள் இணைந்து ஒன்றாயின.

1934-ல் மினியாபோலிஸ் நகர லாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 20 அன்று ஆயுதமற்ற மறியல்காரர்கள் மீது போலீஸ் சுட்டது. 67 பேர் மீது குண்டு பாய்ந்தது. இருவர் உயிர் துறந்தார்கள். ஆனாலும் அவர்கள் கலையவில்லை. ஆகஸ்டில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள்.

அப்போது சங்கத்தின் அகில நாட்டுத் தலைவராக இருந்தவர் டேனியல் டோபின். குண்டடி பட்ட தம் தொழிலாளர்கள் பக்கம் அவர் நின்றாரா? இல்லை. போராட்டத்தை நடத்தியவர்களைக் 'கம்யூனிஸ்டுகள்' என்று சங்கத்தின் பத்திரிகையிலேயே சாடினார். மறு ஆண்டு அந்தக் கிளையின் அங்கீகாரத்தையே பறித்தார். 1907-ல் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் 1952 வரை, 45 ஆண்டுகள், எழுந்திருக்கவில்லை. நோய் அன்றே தொடங்கிவிட்டது. தொண்டன் போராடலாம், ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. மாநாட்டுப் பிரதிநிதிகள்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் சங்க நிர்வாகிகள்! தலைவர் தயவில் நிர்வாகி, நிர்வாகி தயவில் தலைவர்.

ஒரு கையில் கொடுத்தார், மறு கையில்...?

டோபினுக்குப் பின் வந்த டேவ் பெக் சிறைக்குப் போனார். 1957-ல் ஜிம்மி ஹோஃபா தலைவரானார். அதே ஆண்டு டிசம்பரில், ஊழல் காரணமாக ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு டீம்ஸ்டர்ஸை வெளியேற்றியது.

ஹோஃபாவின் திறமையை யாரும் மறுக்க முடியாது. 1964 ஜனவரியில் நாடு முழுவதும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களுக்கு ஒரே ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தார். அதுவரை எவராலும் முடியாத சாதனை! ஆனால் அதே 1964-ல்தான் இரண்டு தீர்ப்புகளும் வந்தன. ஒன்று, ஜூரிகளை விலைக்கு வாங்க முயன்ற வழக்கு. மற்றொன்று, தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியில் மோசடி செய்த வழக்கு. மொத்தம் 13 ஆண்டுச் சிறை. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1966 மாநாடு அவரையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது! 1967-ல் சிறை சென்றார். 1971-ல் நிக்சன் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். மீண்டும் தலைவராக முயன்றுகொண்டிருந்தபோது, 1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே ஓர் உணவகத்தின் வாகன நிறுத்தத்தில் காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஓய்வூதிய நிதி யாருடைய பணம்? முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்து முதுகு ஒடிந்தவனின் பணம். அவனுடைய விதவை கஞ்சி குடிக்க வேண்டிய பணம். அது அமானிதம்! அந்த அமானிதம் கடனாகப் போய்ச் சேர்ந்த இடங்களில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ், ஸ்டார்டஸ்ட் போன்ற சூதாட்ட விடுதிகளும் உண்டு. கடனை யாருக்குக் கொடுப்பது என்பதில் மாஃபியாக் கும்பலின் கை இருந்தது. 1981-ல் தலைவரான ராய் வில்லியம்ஸ், ஒரு செனட்டருக்கு லஞ்சம் கொடுக்கச் சதி செய்த வழக்கில் 1982-ல் குற்றவாளியானார். தாம் கன்சாஸ் சிட்டி மாஃபியாத் தலைவனின் பிடியில் இருந்ததைப் பின்னர் நீதிமன்றத்தில் தாமே ஒப்புக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? நியூ ஜெர்சியில் 560-ஆம் கிளையை ஆட்டிப்படைத்தவர் டோனி புரோவென்சானோ. அவருக்குப் போட்டியாக இருந்த அந்தோனி காஸ்டெலிட்டோ 1961-ல் கொல்லப்பட்டார். 17 ஆண்டுகள் கழித்து, 1978-ல்தான், அந்தக் கொலைக்காகப் புரோவென்சானோ தண்டிக்கப்பட்டார். "அவர் தின்றால் என்ன?" என்று கேட்டவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? பொதுப்பணத்தில் கை வைத்தவன் அதோடு நிற்கமாட்டான். கணக்குக் கேட்கிறவனின் கழுத்திலும் கை வைப்பான்.

துணிந்த சிலர்

அப்படிப்பட்ட இருட்டிலும் சிலர் துணிந்து எழுந்தார்கள். 1976-ல் 'ஜனநாயகச் சங்கத்திற்கான டீம்ஸ்டர்கள்' என்ற குழு தோன்றியது. சாதாரண ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும்தான் அதில் இருந்தார்கள். 1983-ல் அவர்கள் மாநாட்டுக்குள் தலைமையின் ஆதரவாளர்கள் புகுந்து ரகளை செய்தார்கள். அவர்கள் பணியவில்லை.

1988-ல் அரசாங்கம் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சங்கத்தையே அரசு எடுத்து நடத்திவிடுமோ என்ற நிலை. இந்தக் குழுவினர் என்ன கேட்டார்கள் தெரியுமா? "அரசு எங்களை ஆள வேண்டாம். எங்கள் தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்க ஓட்டுரிமை வாங்கிக் கொடுங்கள், போதும்!" 1989 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டில் அந்த உரிமை கிடைத்தது. 1991-ல், சங்கம் பிறந்து 88 ஆண்டுகள் கழித்து, உறுப்பினர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். ரான் கேரி வென்றார்.

1997 ஆகஸ்டில் யு.பி.எஸ். பார்சல் நிறுவனத்தை எதிர்த்து 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர வேலைகளை உருவாக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஓட்டுரிமையின் பலன் இது.

ஆனால் வெற்றி முழக்கம் அடங்குவதற்குள் மற்றொரு செய்தி வந்தது. 1996-ல் கேரி மறுபடி வென்ற தேர்தல் செல்லாது! சங்கப் பணம் வெளி அமைப்புகள் வழியாகச் சுற்றி, அவருடைய பிரசாரத்துக்குத் திரும்பி வந்திருந்தது. தமக்குத் தெரியாது என்றார் கேரி. பொய் சாட்சி வழக்கில் 2001-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் சங்கத்திலிருந்து 1998-லேயே நீக்கப்பட்டிருந்தார். 1998 டிசம்பர் தேர்தலில் பழைய ஹோஃபாவின் மகனே வென்றார்! நல்லவரைக் கொண்டுவந்துவிட்டோம், இனி தூங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பாடம். நல்லவரிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

மௌனம் சம்மதம்!

இதையெல்லாம்விடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. 2018-ல் யு.பி.எஸ். ஒப்பந்தம் ஓட்டுக்கு விடப்பட்டது. ஒரே வேலையைச் செய்யும் ஓட்டுநர்களில் ஒரு பிரிவினருக்குக் குறைந்த கூலி என்றது அந்த ஒப்பந்தம். ஓட்டுப் போட்டவர்களில் 54 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆனால் தலைமை, 'ஏற்கப்பட்டது' என்று அறிவித்தது! எப்படி? உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஓட்டுப் போட்டிருந்தால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சங்க விதி இருந்தது. ஓட்டுச் சீட்டை மேஜையில் போட்டுவிட்டுத் தூங்கியவன் எல்லாம் முதலாளியின் பக்கம் நின்றவனாகக் கணக்கிடப்பட்டான். மௌனம் சம்மதம் என்பது அங்கே பழமொழி அல்ல, சட்டம்!

2021 மாநாட்டில் அந்த விதி ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டு ஷான் ஓபிரையன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 ஒப்பந்தத்தில் இரட்டைக் கூலி முறையும் ஒழிந்தது. ஆனால் 2021 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர்? ஏழு பேரில் ஒருவர் அளவுதான்! கொலைக்கும் அடிதடிக்கும் அஞ்சாமல் சிலர் பெற்றுத் தந்த உரிமை தபாலில் வீட்டுக்கே வந்தும், உறையில் இட்டுத் திருப்பி அனுப்ப ஆளில்லை.

ஓய்வூதிய நிதி என்னவாயிற்று? 1982 முதல் நீதிமன்ற மேற்பார்வையில் இருந்தும் அது தள்ளாடியது. 1980-ன் சட்டம் லாரித் தொழிலைக் கட்டுப்பாடற்ற போட்டிக்குத் திறந்துவிட்டது. நிதிக்குப் பணம் கட்டிவந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. 2008-ல் பங்குச் சந்தை சரிந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் அரசு சுமார் 3,600 கோடி டாலர் கொடுத்து 3,50,000 பேரின் ஓய்வூதியத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் மாஃபியா மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனால் சேமிக்க வேண்டிய காலத்தில் சங்கத்தின் காவலர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்காமல் இருப்பதும் நியாயமாகாது.

இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே! திருடன் இருந்ததால் சங்கமே வேண்டாம் என்பவன் முதலாளியின் கையாள். சங்கம் இல்லாத ஓட்டுநர் 18 மணி நேரம் உழைத்து, உடைந்த சரக்குக்கும் பணம் கட்டிய பழைய வண்டியோட்டிதான். சங்கம் வேண்டும்! ஆனால் சந்தா கட்டுவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவன் பூட்டில்லாத பெட்டியில் பணம் போடுகிறான். ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவை வரிக்கு வரி படியுங்கள். தலைவர் எவ்வளவு பெரியவரானாலும் எழுந்து நின்று கேளுங்கள். கேட்பது துரோகம் அல்ல. கேட்காமல் இருப்பதுதான் துரோகம்!