கல்லாவில் இருந்தால் காசு. கட்டி வைத்தால் பழைய உலோகம்



செம்பு விலை ஏறும்போதெல்லாம் நம் கடைத்தெருக்களில் ஒரு பேச்சு கிளம்பும். "பழைய காசைச் செலவழித்து விடாதீர்கள். அதில் செம்பு இருக்கிறது. பத்து வருடம் கழித்து எடைக்குப் போட்டால் பல மடங்கு கிடைக்கும்" என்பதே அந்தப் பேச்சு. பழைய உலோகம் வாங்குகிறவர்களும் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, பழைய தடிச்ச அஞ்சு ரூபா இருந்தா எடுத்து வையுங்க, ஒண்ணுக்கு ஆறு ரூபா தாரேன்" என்று ஆசை காட்டுவதுண்டு. இதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆசை நிறைய உண்டு. கொள்முதல் விலை, வட்டி, இடம், கழிவு என்று எந்தச் சரக்கையும் நான்கு பக்கமும் பார்த்து வாங்குகிற நாம், காசு என்ற சரக்கையும் அப்படியே கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

எந்தக் காசில் என்ன இருக்கிறது?

நம் தாத்தாக்கள் காலத்துக் காலணா செம்பு. எடை 6 கிராமுக்கு மேல். 1906இல் அது வெண்கலமாகி 5 கிராமுக்குக் கீழே வந்தது. இரண்டாம் உலகப் போரில் செம்பு தோட்டாவுக்குப் போனதால், 1943இல் நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா வந்தது. எடை 2 கிராம்தான். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது ஒரு பைசா 1.5 கிராம் வெண்கலம். 1960களின் நடுவில் அதுவும் அலுமினியமாகி, ஊதினால் பறக்கும் என்று கேலி செய்யும் அளவுக்கு இளைத்துப் போனது.

ரூபாய்க் காசுகளின் கதையும் இதேதான். 1992 முதல் புழக்கத்துக்கு வந்த தடித்த 5 ரூபாய் 9 கிராம் எடை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். பதினொரு பக்கம் கொண்ட பழைய 2 ரூபாய் அதே கலவையில் 6 கிராம். இன்று நம் கல்லாவில் விழும் 1 ரூபாயும் 2 ரூபாயும் எஃகு. காந்தத்தை அருகில் கொண்டு போனால் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காசின் உலோகம் முகவிலையை நெருங்கும்போதெல்லாம் அரசு முந்திக்கொண்டு உலோகத்தை மாற்றிவிடுகிறது. ஆகவே இனி வரும் காசைச் சேர்த்துச் செம்புப் பணக்காரர் ஆகலாம் என்பது நடவாத காரியம். 2011இல் வந்த 1 ரூபாய்க் காசு ஒரு கிலோவுக்கு 264 நிற்கும். கடையில் அது 264 ரூபாய். பழைய இரும்பாகப் போட்டால் அதில் கால் பங்குகூடக் கிடைக்காது.

10 ரூபாய்க் காசையும் சிலர் ஒதுக்கி வைக்கிறார்கள். அதன் எடை 7.71 கிராம். முழுவதும் சுத்தச் செம்பு என்றே வைத்துக்கொண்டு, கிலோ ஆயிரம் ரூபாய் என்று போட்டாலும் உலோக விலை 7 ரூபாய் 71 காசுதான். பத்து ரூபாய்ப் பொருளை எட்டு ரூபாய்க்கும் குறைவாக விற்கக் காத்திருப்பது என்ன வியாபாரம்?

அமெரிக்காவில் நடப்பது

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1982 வரை அடித்த ஒரு சென்ட் காசில் 95 சதம் செம்பு, எடை 3.11 கிராம். செம்பு டன் 11,000 டாலர் விற்றால், அந்த ஒரு சென்ட்டுக்குள் மூன்று சென்ட்டுக்கு மேல் உலோகம் இருக்கிறது. இதை நம்பிப் பீப்பாய் பீப்பாயாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. ஆனால் 2006 டிசம்பரில் சென்ட் காசை உருக்குவதற்கு அந்த அரசு தடை போட்டது. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான சென்ட் அடிப்பதையே நிறுத்தினார்கள். தடை என்றாவது நீங்கும், அன்று விற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். எப்போது விற்கலாம் என்பதைச் சரக்கின் சொந்தக்காரர் தீர்மானிக்க முடியாத வியாபாரம் இது.

வட்டிக் கணக்கு

முதலில் சேர்த்து வைத்தவருக்குச் சாதகமான கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1962இல் ஒருவர் ஒரு கிலோ வெண்கல நயா பைசாவைப் பானையில் போட்டு வைத்தார் என்று கொள்வோம். 666 காசு, அன்றைய மதிப்பு 6 ரூபாய் 66 பைசா. இன்று அதற்குக் கிலோ ஆயிரம் ரூபாய் என்று தாராளமாகவே கொடுத்தால் 150 மடங்கு. கேட்க இனிக்கிறது. ஆனால் 8 சத வட்டியில் பணம் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 63 ஆண்டில் ஏழு முறை இரட்டித்தால் 128 மடங்கு. பானைக்குள் கிடந்த காசும் வட்டிக்குக் கிடந்த காசும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. 1960களில் 10 கிராம் 200 ரூபாய்க்குக் கீழே விற்ற தங்கம் 2025இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அது 500 மடங்குக்கு மேல். நம் பாட்டிமார் காசைப் பானையில் போடாமல் காதில் போட்டார்கள். அவர்கள் கணக்கே சரி.

இனி 5 ரூபாய்க்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் ஒருவர் ஆயிரம் தடித்த காசுகளை மூட்டை கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 5,000 ரூபாய், எடை 9 கிலோ. கிலோ ஆயிரம் என்றால் 9,000 ரூபாய். வாங்குகிறவர் முழு விலை தரமாட்டார். தம்முடைய லாபத்தையும், பிடிபட்டால் வரும் தொல்லையையும் கழித்துக்கொண்டுதான் தருவார். அதே 5,000 ரூபாய் 7.2 சத வட்டியில் 25 ஆண்டு இருந்தால் 28,000 ரூபாயைத் தாண்டும். மாதம் இரண்டு முறை முதலைப் புரட்டுகிற மளிகைக் கடையில் அந்தப் பணம் சரக்காக ஓடியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை அவரவர் பேரேட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

செம்பு விலை ஏறிக்கொண்டே போகும் என்று சொல்கிறவர்கள் 2008ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஜூலையில் டன் 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு, டிசம்பரில் 3,000க்குக் கீழே விழுந்தது. 2024 மே மாதத்தில் அதுவே 11,000 டாலரைத் தாண்டியது. தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட செம்பு ஆலை 2018இல் மூடப்பட்டதைக் கண்ட மாவட்டம் நம்முடையது. அதன்பின் செம்பை ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யும் நாடாயிற்று. உலகச் சந்தையும் அரசாணையும் ஆட்டிவைக்கிற ஒரு பண்டத்தை, பருப்பும் புளியும் விற்கிற நாம் பதுக்கி வைத்துச் சூதாட வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இதை நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, செல்லுபடியாகும் காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதோடு முடியவில்லை. முகவிலைக்கு வேறான விலையில் விற்பதற்கோ உருக்குவதற்கோ தன் நியாயமான தேவைக்கு மிக அதிகமாகக் காசு வைத்திருப்பதும் குற்றமே. நியாயமான தேவை எது என்பதை அன்றாடச் சில்லறைத் தேவை, தொழிலின் தன்மை, காசு வந்த வழி, வைத்திருக்கும் இடம் இவற்றைக் கொண்டு பார்ப்பார்கள். கல்லாவில் கிடக்கும் இரண்டாயிரம் ரூபாய்ச் சில்லறைக்கு யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தடித்த 5 ரூபாய் மூட்டைக்குப் பதில் சொல்வது கடினம். ஆறு ரூபாய் தருகிறேன் என்று வருகிறவரிடம் விற்றால், ஒரு ரூபாய் லாபத்துக்காக நாமும் அந்தக் குற்றத்தில் கால் வைத்தவர்கள் ஆகிறோம்.

2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போன 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் வேறு கதை. வீட்டுப் பரணில் பழைய காலணாவோ நயா பைசாவோ இருந்தால் இருக்கட்டும்; பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் "இந்தக் காசுக்கு லட்ச ரூபாய்" என்று வரும் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இத்தகைய மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

சில்லறை முடங்கினால்

காசைக் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் போர்க்காலமே சாட்சி. 1942, 43இல் மக்கள் சில்லறையை முடக்கியதால் நாடெங்கும் தட்டுப்பாடு வந்தது. கடலுக்கு அக்கரையில், நம்மவர் பலர் கடை வைத்திருந்த இலங்கையில், 1942இல் 5 சென்ட்டுக்குக் காகித நோட்டு அடித்தார்கள். நடுவே துளையிட்ட கோட்டில் கிழித்தால் ஒரு துண்டு 2 சென்ட், மறு துண்டு 3 சென்ட். காசு பெட்டிக்குள் ஒளிந்தால் வியாபாரம் காகிதத்தைக் கிழிக்கிற நிலைக்கு வந்துவிடும்.

எங்கள் குலசேகரன்பட்டினத்தில் இதை ஆண்டுதோறும் சிறிய அளவில் பார்க்கிறோம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதம் இருந்து வேடம் கட்டும் பக்தர்கள், குழுக் குழுவாகக் கடை கடையாக வந்து காணிக்கை பெறுகிறார்கள். எந்தக் கடைக்காரரும் அம்மன் காணிக்கைக்கு இல்லை என்று சொல்வதில்லை. அந்த நாட்களில் கல்லாச் சில்லறை உண்டியலை நோக்கி ஓடும். பத்து ரூபாய்க்குச் சீனியும் ஐந்து ரூபாய்க்குத் தேயிலைத்தூளும் வாங்க வரும் உப்பளத் தொழிலாளிக்கும் மீனவர் வீட்டுப் பெண்ணுக்கும் பாக்கி கொடுக்கக் காசு இருக்காது. மிட்டாயை நீட்டுவோம். இன்று அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நாளை போனில் பணம் அனுப்பிப் பெரிய கடையில் வாங்குவார்கள். மிட்டாயில் வந்த லாபத்தைவிடப் போன வாடிக்கையாளர் பெரிது.

என்ன செய்யலாம்?

முதலாவது, கட்டி வைத்த தடித்த 5 ரூபாயையும் பழைய 2 ரூபாயையும் எடுத்துக் கல்லாவில் போடுங்கள். அவை இன்றும் செல்லும். இரண்டாவது, 10 ரூபாய்க் காசை மறுக்காதீர்கள். அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்றாவது, தேவைக்கு மேல் சேர்ந்தால் நூறு நூறாகப் பையில் கட்டி வங்கியில் செலுத்துங்கள். வங்கிகள் காசை வாங்க மறுக்கக் கூடாது என்பது விதி. நான்காவது, தசராக் கொடியேற்றத்துக்கு முன்பே அந்தந்த ஊர்ச் சங்கம் வங்கியோடு பேசி, உறுப்பினர்களுக்கு முகவிலைக்கே சில்லறை கிடைக்க ஏற்பாடு செய்யட்டும். கமிஷன் கொடுத்துச் சில்லறை வாங்கிய காலம் திரும்பி வர வேண்டாம்.

எள்ளை முடங்க வைத்தால் எண்ணெய் இல்லை. காசை முடங்க வைத்தால் வியாபாரம் இல்லை. செம்பு வேண்டும் என்கிறவர்கள் பாத்திரக் கடையில் நல்ல குடம் ஒன்று வாங்கி வீட்டில் வைக்கட்டும். காசு கை மாறட்டும்.