எந்த ஹவுஸ்?

மாசி மாதம் பிறந்தால் முகநூல் முழுக்க இல்ல அலங்காரம்தான். கோபுரம், கப்பல், கோட்டை, அரண்மனை. இரவில் லைட் போட்டு, ட்ரோன் விட்டு எடுத்த வீடியோக்கள். கீழே "எங்கட ஹவுஸ அடிக்க ஆளில்லை" என்று கனடாவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருப்பார். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபுரத்தைக் கட்டினது ஆர் என்று கேட்டால் கனக்க இடங்களில் ஒரே பதில்தான் வரும்: காசு கொடுத்துப் பிடித்த ஆக்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள்.

ஹொஸ்டலில் இருந்து படித்த எங்களுக்கு இதைப்பற்றிக் கொஞ்சம் கதைக்க இருக்கிறது.

'ஹவுஸ்' என்ற சொல்லே ஹொஸ்டலில் இருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிக்கூடங்களில் ஹவுஸ் என்றால் பிள்ளைகள் படுத்தெழும்பும் கட்டடம். ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் ஒரு அணி. யாழ்ப்பாணத்துக்கு விடுதிப் படிப்பு அமெரிக்க மிஷனரிமாரோடு வந்தே இருநூறு வருசம் ஆகிவிட்டது. வட்டுக்கோட்டை செமினரி 1823, உடுவில் மகளிர் பள்ளி 1824. ஹவுஸ் முறையோ இங்கே கட்டடத்தை விட்டுவிட்டு, பெயராகவும் நிறமாகவும் மட்டும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது.

எங்கட ஹொஸ்டலில் அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரே மண்டபத்தில் நாலு ஹவுஸும் படுத்தன. மேல்கட்டிலில் நீலம், கீழ்க்கட்டிலில் சிவப்பு. தை மாதம் முடியும்வரை ஒரு வாளியில் தண்ணி அள்ளிக் குளித்த இரண்டு பேர், மாசி பிறந்ததும் ஒருவருக்கொருவர் உளவாளி. உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு எந்தப் பாட்டு, அணிநடைக்கு என்ன தொப்பி என்பதெல்லாம் இராணுவ இரகசியம் மாதிரி டிரங்குப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். படிப்பு நேரத்தில் விஞ்ஞானக் கொப்பிக்குக் கீழே வாசல் வளைவின் படம் இருக்கும். மஞ்சள் ஹவுஸ் அக்கா தண்ணி குடிக்க எழும்பினால் பச்சை ஹவுஸ் முழுக்கக் கொப்பியை மூடும். வோர்டனுக்குச் சந்தேகமே இதில்தான் வந்தது: இவ்வளவு கவனமாக ஆரும் விஞ்ஞானம் படிக்கிறதில்லையே.

ஆனால் கால் பிடித்துக்கொண்டால் சித்தாலேப போத்தல் நிறம் பார்க்காமல் கட்டிலுக்குக் கட்டில் போகும். 800 மீற்றரில் நாளைக்குத் தன்னைத் தோற்கடிக்கப்போகிறவளின் காலுக்கு இன்றைக்கு இரவு எண்ணெய் பூசிவிட்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. அவர்களுக்கு எதிரணி பின்னேரம் ஐந்து மணியோடு முடிந்துவிடும். எங்களுக்கு எதிரணியோடுதான் இரவுப் பாணும் சம்பலும்.

ஹவுஸ் எப்படிக் கிடைத்தது என்பதுதான் முக்கியம். தரம் 6க்கு வந்த முதல் கிழமையே ரீச்சர் ஒரு லக்ஸ்பிறே டின்னை நீட்டுவார். கையை விட்டு ஒரு துண்டை எடுக்கவேணும். அதில் என்ன நிறமோ அதுதான் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்வரை. மாற்றித் தாங்கோ என்று அழுதவர்களும் உண்டு, மாற்றிக் கொடுக்கவில்லை. அக்காவின் ஹவுஸையே தங்கச்சிக்கும் கொடுக்கிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. எங்களுக்கு அது பிடிக்காது. ஏனென்று சொல்கிறோம்.

எங்கட ஊர்களில் ஒரு புதுப்பிள்ளையைக் கண்டால் முதல் கேள்வி "எந்த ஊர்?" அடுத்தது "ஊரில எந்தப் பக்கம்?" அதுக்கடுத்தது "ஆற்ற பிள்ளை?" இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹொஸ்டலிலும் அவை இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வருகிற அம்மாமார் சிலர் பலகாரப் பெட்டியோடு அதையும் கொண்டுவருவார்கள். "எந்த ஹவுஸ்?" என்பதற்குப் பதில் சொல்ல மட்டும் அப்பப்பாவின் பெயர் தேவைப்படவில்லை. அது பிறப்பால் வந்ததில்லை, டின்னுக்குள் இருந்து வந்தது. ஹவுஸ் சாதியை ஒழித்தது என்று நாங்கள் கதை விடமாட்டோம்; சாப்பாட்டு மேசையில் ஆர் ஆருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை என்பது எங்களுக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் வருசத்தில் இரண்டு மாதம், ஒரு குலுக்கல் சேர்த்துவிட்ட ஆக்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். அதுவும் மனமாரத்தான் கத்தினோம். அப்படி ஒரு சேர்மானம் எங்கட சமூகத்தில் வேறெங்கே கிடைக்கிறது?

இன்னொன்றும் இருந்தது. எங்கட பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று இடத்துக்கு மட்டும் புள்ளி இல்லை. குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தாலே ஹவுஸுக்கு ஒரு புள்ளி. அதனால் விடிய ஐந்தரைக்கே கப்டன் அக்கா வந்து கட்டிலை ஆட்டுவார். "எழும்படி, உன்ர ஒரு புள்ளி இல்லாட்டி நாங்கள் கடைசி." ஓடவே தெரியாதவளையும், எந்தநேரமும் புத்தகத்தோடு திரிகிறவளையும், ஆரோடும் கதைக்காதவளையும் தேடி ஆள் வந்தது அந்த ஒரு புள்ளிக்காகத்தான். எங்களில் சிலரை அதுக்கு முதல் ஆரும் எதுக்கும் கூப்பிட்டதே இல்லை.

அலங்காரமும் அப்படித்தான். கோதுமை மாவைக் குசினியில் கெஞ்சி வாங்கிப் பசை காய்ச்சினோம். குருத்தோலை, கிடுகு, சணல் சாக்கு, பழைய றெஜிபோம் துண்டு. கட்டினது பாதி நாளில் சரிந்தது. ஒரு வருசம் நாங்கள் செய்த அன்னம் தூரத்தில் பார்க்கத் தாரா மாதிரி இருந்தது, கிட்டப் பார்த்தாலும் தாராதான். ஆனால் அதில் ஒவ்வொரு சிறகையும் ஒட்டினது ஆர் என்று எங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் காசு போகிற இடத்தில் அந்த ஐந்தரை மணிப் பிள்ளைக்கு வேலை இல்லை. பசை காய்ச்சவும் ஆள் தேவையில்லை. காசு சேர்க்கப் போகும்போது கொடுக்கமுடியாத பிள்ளை வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள். 'ஆற்ற பிள்ளை' என்ற கேள்வி, 'அப்பா வெளிநாட்டிலயோ' என்று உடுப்பு மாற்றிக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டது. எங்களுக்குக் கோபம் இதில்தான்.

பழைய மாணவர் உதவி இல்லாமல் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உதவட்டும், வேறு இடத்தில் உதவட்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்த கதையை ஒவ்வொரு மாசியிலும் மைக்கில் சொல்கிறோம். சொல்லிவிட்டு எங்கட பிள்ளைகளை மண்ணில் பாய விடுகிறோம். ஒரு ஒழுங்கான மெத்தை, இரண்டு மூன்று சோடி ஸ்பைக், வெயிலில் மயங்கி விழுகிறவர்களுக்கு நிழல். ஒரு கோபுரத்தின் காசில் இதில் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கலாம்.

அலங்காரத்துக்குப் புள்ளி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூட வளவுக்குள் கிடைக்கிற சாமானால், பிள்ளைகளின் கையால் செய்ததற்கு மட்டும் புள்ளி போடுங்கோ. தாரா வந்தால் வரட்டும்.

அடுத்த தவணை தொடங்க முதல் எங்கட பழைய மாணவர் கூட்டம் இருக்கிறது. வழமைபோல ஹவுஸ் ஹவுஸாகக் காசு கேட்பார்கள். இந்தமுறை நாலு ஹவுஸிலும் இருந்த நாங்கள் சேர்ந்து போகிறோம். மெத்தைக்கென்றால் தருவோம், கோபுரத்துக்கு ஒரு சதமும் இல்லை.