திரைப் பந்தயமும் நம் குறைகளும்

சென்ற திங்கள் ஊருக்குச் செல்லும் பயணச்சீட்டுப் பாடு பற்றி எழுதினோம். இத்திங்கள் நேயர்கள் எதிர்பாராத பொருளொன்றை எடுத்துக்கொள்கிறோம். கணினித் திரையின் முன் அமர்ந்து, மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கையும் காலடியில் வைத்த பெடல்களையும் கொண்டு மோட்டார்ப் பந்தயம் ஓட்டும் ‘சிம் ரேசிங்’ என்பதே அது. நம் சங்கக் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளைகள் இதில் ஈடுபட்டிருப்பதையும், பெற்றோர் கடிந்துகொள்வதையும் அறிவோம். நாமும் நம் தம்பியை அவ்வாறே கடிந்துகொண்டோம். பிறகு ஓர் இரவு அவன் உறங்கியபின் அந்நாற்காலியில் நாமே அமர்ந்தோம். அன்று முதல் கடிந்துகொள்ளும் உரிமை நமக்குப் போயிற்று.

வெறும் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. நிஸ்ஸானும் சோனியும் 2008இல் தொடங்கிய ஜிடி அகாடமி என்னும் போட்டியில் 2011ஆம் ஆண்டு வென்றவர் யான் மார்டன்பரோ என்ற பிரித்தானிய இளைஞர். திரையில் பெற்ற அவ்வெற்றியினால் மெய்யான களம் புகுந்த அவர், 2013இல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். ரயில் எஞ்சின் ஓட்டுநர்க்கும் பயிற்சிக் கூடங்களில் சிமுலேட்டர் உண்டு. எனவே இங்கே கைவரும் பழக்கம், நல்லதாயினும் தீயதாயினும், எளிதில் விட்டுப் போவதில்லை.

இத்தாலியில் மோன்சா என்றொரு பந்தயத் தடம் உண்டு. ஒரு சுற்று 5.793 கிலோமீட்டர். புறப்படுமிடத்திலிருந்து நீண்ட நேர்ச்சாலை. அதன் முடிவில் வலமாக ஒடிந்து உடனே இடமாகத் திரும்பும் குறுகிய வளைவு. புதியவர் ஓட்டும் பந்தயங்களில் முதற் சுற்றிலேயே வண்டிகள் பல அங்கே குவியலாகக் கிடக்கும். தனியே பயிலும்போது ஓரத்துப் பலகை ஒன்றைக் குறியாக வைத்து பிரேக் மிதித்துப் பழகிய கால், பந்தயத்திலும் அதே பலகைக்காகக் காத்திருக்கிறது. ஆனால் முன்செல்லும் வண்டியை ஒட்டிப் போகையில் காற்றின் தடை குறைவு. ஆகவே வேகம் மிகுதி. வண்டியைத் தரையோடு அழுத்த வேண்டிய காற்றும் குறைந்துவிடுகிறது. டயரோ இன்னும் சூடேறவில்லை. இம்மூன்றும் கூடியபோது முன்னதாகவே பிரேக் பிடித்தாக வேண்டும். மெய்யான வண்டியிலாவது உடல் முன்னே தள்ளப்படும். அச்சம் தானே காலை அழுத்தும். நாற்காலியில் அமர்ந்தவனுக்கு அச்சம் ஏது?

கண்ணின் குறை வேறு. வளைவை நோக்காமல் முன்வண்டியின் பின்விளக்கையே பார்த்திருப்போம். அவர் தடம்விட்டு மணலில் இறங்கினால் நாமும் விசுவாசமாகப் பின்தொடர்வோம். பிரேக்கை முழுதும் மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புவது மற்றொன்று. டயருக்குள்ள பிடிப்பு ஓரளவினதே. வேகத்தைக் குறைப்பதற்கே அதனை முழுதும் செலவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் ஏது? வண்டி நேரே செல்லும்; நாம் இன்னும் திருப்புவோம்; முன் டயர்கள் காய்ந்து கெடும். திரும்பத் தொடங்கும்போதே காலைச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும் என்பதைக் கற்க நமக்கு நான்கு மாதம் ஆயிற்று.

கருவியைக் குறைகூறி, கால் மிதிக்கும் விசையை அளக்கும் விலையுயர்ந்த பெடலை நாடுவோரும் உளர். அது உதவும் என்பது மெய்யே. ஆயினும் நம் சம்பளத்தில் அதற்கு இடமில்லையாதலால், பயிற்சியே பெரிது என்னும் ஞானம் நமக்கு விரைவில் வாய்த்தது.

மூன்றாம் வளைவில் பிழை நேர்ந்தால் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடக்கத்திற்கே வந்துவிடுவது, நம்மிடம் இன்றும் உள்ள குறை. இதனால் முதல் மூன்று வளைவுகள் மனப்பாடம். கடைசி மூன்றும் அந்நிய தேசம். பிழை செய்தபின் வண்டியை நிதானமாக மீட்டு, பிறர்க்கு இடையூறின்றித் தடத்திற்குத் திரும்பி, எஞ்சிய சுற்றை ஓட்டி முடிக்கும் வித்தையோ கைவருவதே இல்லை.

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்லிவிடுகிறோம். 2008இல் தொடங்கிய ஐரேசிங் என்னும் களத்தில், வண்டிகள் வலுவாக மோதினால் குற்றம் எவருடையது என்று ஆராயாமல் இருவர் கணக்கிலும் 4 புள்ளிகளை ஏற்றிவிடுவர். இது அநீதி என்று நாமும் புலம்பியதுண்டு. அலுவலகக் கோப்பில் பிழை கண்டால் முந்தைய ஷிப்டில் இருந்தவர் கையெழுத்தையே முதலில் தேடும் மனம் நம்முடையது. ஒரு ஞாயிறு இரவு மோன்சாவின் அந்த முதல் வளைவில் மோதல் நேர்ந்து, நம் வண்டி சுழன்று நின்றது. சினம் மேலிட, ஒலிவாங்கியில் தமிழில் ஏசினோம். எழுதத் தகாத சொற்கள். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு, நம் மொழி பிறர்க்குப் புரியாது என்ற துணிவு ரயிலிலும் சந்தையிலும் வந்து பழகிவிட்டதன்றோ?

சில நொடிகள் சென்றபின், இன்னும் உடைந்து முடியாத ஒரு சிறுவன் குரல் கேட்டது: “அங்கிள், நான் என் லைன்லதான் போனேன்.”

நமக்கு வாய் அடைத்துப்போயிற்று. பின்னால் நின்றிருந்த தம்பி ஒன்றும் பேசாமல் ரீப்ளேயை ஓடவிட்டான். மேலிருந்து பார்க்கையில் ஐயத்திற்கே இடமில்லை: அப்பிள்ளை உரிய இடத்தில் பிரேக் பிடித்திருந்தான், நாம்தான் பலகைக்காகக் காத்திருந்து அவன் வண்டியின் பின்புறத்தில் மோதியிருந்தோம். மன்னிப்புக் கேட்கலாமென்று திரும்புவதற்குள் அவன் களத்தை விட்டுப் போய்விட்டான். “அண்ணா, சாப்பிட வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம்பியும் எழுந்து போனான்.

மறுநாள் டூட்டிக்குப் போகுமுன் அப்பிள்ளைக்கு நான்கு வரியில் மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினோம். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் வந்தது: “பரவாயில்ல அங்கிள். முதல் சுத்துல மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிங்க.”