பெரெட் வளர்ப்பும் இனவிருத்திப் பொறுப்பும்

கீரியைப் போன்று நீண்ட உடலும் குட்டைக் கால்களும் உடைய பெரெட், போல்கேட் என்னும் ஐரோப்பியக் காட்டுப் பிராணியின் வழிவந்தது. முயல்களை வளைகளினின்று விரட்டுவதற்கென்று பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட இது, இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்லப் பிராணியாக விளங்குகிறது. அதனை வளர்ப்போருக்கு, ஒரு முறையேனும் குட்டிகளைக் காண வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. அவ்வாசை எவ்வளவு நியாயமானது என்பது ஆராயத்தக்கது.

இதற்கு ஆதரவாகக் கூறப்படும் காரணம் ஒன்று விஞ்ஞான அடிப்படை உடையது. பெண் பெரெட்டின் கருமுட்டை, இணை சேர்ந்த பின்னரே வெளிப்படுகிறது. வசந்த காலத்தில் பகற்பொழுது நீளும்போது தொடங்கும் இனவிருத்திப் பருவம், இணை சேராவிடில் மாதக்கணக்கில் நீடிக்கும். அப்போது உடலில் மிகுந்து நிற்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன், எலும்பு மஜ்ஜையின் வேலையைத் தடுத்துக் கடுமையான இரத்தசோகையை விளைவிக்கும், மரணமும் நேரலாம். ஆகவே, குட்டி ஈனுவதே தாய்க்குப் பாதுகாப்பு என்று பலர் கருதுவதில் வியப்பில்லை.

ஆயினும் அக்காரணம் இன்று வலுவிழந்துவிட்டது. விந்துக்குழாய் துண்டிக்கப்பட்ட ஆணுடன் சேர்த்தால், குட்டி பிறவாமலேயே அப்பருவம் தணியும். டெஸ்லோரெலின் என்னும் மருந்தைத் தோலுக்கடியில் பதித்தும் அதனை அடக்கலாம். கருப்பையையும் சூலகங்களையும் அகற்றும் சிகிச்சையும் உண்டு. ஆனால் அது பிற்காலத்தில் தோன்றும் அட்ரினல் சுரப்பி நோயுடன் தொடர்புடையதாகக் காணப்படுகிறது. ஆதலின் தக்க முறையைக் கால்நடை மருத்துவரைக் கலந்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

கர்ப்ப காலம் சுமார் 42 நாட்கள். ஓர் ஈற்றில் ஏறத்தாழ 8 குட்டிகள் பிறக்கும். கர்ப்பத்தின் இறுதியில் உணவு குறையின் தாயின் உயிருக்கே ஆபத்து உண்டு. ஒரே ஒரு குட்டி இருப்பின் பிரசவம் தானாகத் தொடங்காது போய், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தலையில் வெள்ளைக் கோடுள்ள பெரெட்டுகள் பல, பிறவியிலேயே செவிடாக உள்ளன. அந்நிறத்தின் அழகுக்காக மட்டும் இணை சேர்ப்போர், அக்குறையையும் உடன் பெருக்குகின்றனர்.

பிறந்த குட்டிகள் எங்கே போகும் என்பது அடுத்த வினா. முயல்களை ஒழிப்பதற்கென 1880-களில் நியூஸிலாந்தில் விடப்பட்ட பெரெட்டுகள் அந்நாட்டின் பறக்க இயலாத பறவைகளுக்குப் பகையாயின. 2002-ஆம் ஆண்டு முதல் அங்கே அவற்றை விற்பதும் இனவிருத்தி செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளன.

ஆகவே, பெற்றோரின் உடல்நலமும் வமிசமும் நன்கு அறியப்பட்டு, ஒவ்வொரு குட்டிக்கும் முன்னதாகவே நல்ல இல்லம் உறுதி செய்யப்பட்டிருத்தல் வேண்டும். வளர்க்க இயலாதோர் திருப்பித் தரும் குட்டியை ஏற்கவும் உரிமையாளர் ஆயத்தமாக இருத்தல் அவசியம். பெரெட்டுகள் 6 முதல் 8 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. ஒரு பருவத்தின் ஆசைக்காக அத்தனை ஆண்டுகளின் பொறுப்பைப் பிறர்மேல் சுமத்துதல் முறையன்று. இவற்றுக்கு வழியில்லாதோர் இனவிருத்தியைத் தவிர்த்து, வளர்க்கும் பிராணியை நன்கு பேணுதலே உயிர்களிடத்து அன்புடையோர் செய்யத்தக்கதாகும்.